கைநாட்டு சம்மதம் ஆகாது
(புனேயில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



மருத்துவச் சம்மதம் குறித்துப் பேசப் போகிறேன் என்றதும், அது மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பேச வேண்டிய பொருள் அல்லவா என்று சில தோழர்கள் கேட்டனர். புனேயில் இருந்துகொண்டு அப்படிக் கேட்க இயலாது. 1994 பிப்ரவரியில் இதே நகரின் சசூன் பொது மருத்துவமனையில், ஷிரூர் அரசு இல்லத்திலிருந்து அழைத்துவரப்பட்ட, மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பத்துப் பேருக்கு மேல் கருப்பை அகற்றப்பட்டது. நோய்க்காக அல்ல. மாதவிடாய் நாட்களில் அவர்களைத் தூய்மையாகப் பராமரிப்பது கடினம் என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழுந்த பின்னரே மீதி அறுவைகள் நிறுத்தப்பட்டன. போதிய பணியாளர்களை நியமித்திருக்க வேண்டிய அரசு, அதற்கு மாற்றாகக் கத்தியைக் கையில் எடுத்தது.

அங்கே பிறர் முடிவெடுத்தனர். பீட் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்களோ தாமே கையொப்பமிட்டனர். மாநில அரசின் குழு 2019இல் ஆய்வு செய்தபோது, ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை இழந்தவர்கள் எனத் தெரிந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்ததாரர் அபராதம் பிடிப்பார். வயலில் கழிப்பறை கிடையாது. வெள்ளைப்படுதல் என்று போனால், விட்டால் புற்றுநோய் வரும் என்று தனியார் மருத்துவமனை அச்சுறுத்தும். படிவத்தில் கைநாட்டு இருக்கிறது. அதைச் சம்மதம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த டெல்லிப் பெண் ஒருவர் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. பரிசோதனைக்கான சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது தாயின் ஒப்புதலும் செல்லாது என 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் அதே தீர்ப்பு, நம் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று காரணம் காட்டி, எவ்வளவு விளக்க வேண்டும் என்பதை மருத்துவ உலகின் வழக்கத்திற்கே விட்டுவிட்டது. ஏழைக்கு அதிகமாக விளக்க வேண்டும் என்றல்லவா முடிவு வந்திருக்க வேண்டும்?

பெரிய அறுவைகளை விடுங்கள். வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியை எடுத்துக்கொள்வோம். அச்சத்தால் அதைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிடும் தொழிலாளர்கள் உண்டு. குழாய் உணவுப்பாதையில்தான் செல்கிறது, குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது, பொதுவாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும், கையை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று முன்னதாகச் சொன்னால் அச்சத்தில் பாதி குறையும். சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் காலையிலிருந்து நூறு பேரைப் பார்க்கும் அரசு மருத்துவரிடம் அந்த இரண்டு நிமிடம் இல்லை. தனியாரிடமோ அதற்குக் கட்டணத் தலைப்பு இல்லை. ஆகவே இதனை மருத்துவர்களுக்கு எதிரான போராட்டமாகச் சுருக்குவது தவறு. காலிப் பணியிடங்களை நிரப்பு என்ற நமது பழைய முழக்கத்திற்குள்ளேயே இக்கோரிக்கையும் அடங்கியிருக்கிறது.

கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களுக்கு மொழிச் சிக்கல் வேறு. மராத்தி பேசத் தெரிந்த மூதாட்டிக்கும் ஆங்கிலப் படிவம் எட்டாது. மகன் கையொப்பமிடுகிறான், தாயிடம் எவரும் கேட்பதில்லை. நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது.

நோயாளர் உரிமைச் சாசனத்தைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்தது. மருத்துவமனைகள் அதனைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசும் 2021இல் விதி செய்திருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்திற்கு முன்பு, உங்கள் பகுதி மருத்துவமனைகளில் அந்தப் பலகை இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள். இல்லாத இடங்களின் பட்டியலுடன் மாநகராட்சிச் சுகாதார அதிகாரியைச் சந்திப்போம். மராத்தியும் தமிழும் அறிந்த தோழர்கள், பெண் தோழர்கள் குறிப்பாக, நோயாளிகளுடன் துணைக்குச் செல்ல வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தங்கள் பெயர்களைக் கிளைச் செயலாளரிடம் இன்றே தர வேண்டுகிறேன்.