விலைவாசியும் அரசாங்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விலைவாசியைக் குறைக்க அரசாங்கத்தால் இயலுமா என்னும் வினா, மாதந்தோறும் இருபதாம் தேதிக்கு மேல் நம் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் எழுவதுண்டு. இயலும் என்பாரும் இயலாது என்பாரும் நம்மிடையே உளர். பேரேடுகளோடு காலம் கழிக்கும் நாம், இதனையும் வரவு செலவுக் கணக்கைப் போல் இரு பத்திகளாக எழுதிக் கூட்டிப் பார்ப்பதே முறை.

முதலில் தோல்விப் பத்தி. 1973ஆம் ஆண்டில் கோதுமை மொத்த வியாபாரத்தை அரசாங்கமே ஏற்றது. வணிகர் விலக்கப்பட்டனர், விலை ஆணையால் நிர்ணயிக்கப்பட்டது. அவ்விலை கட்டுபடியாகாமையால் தானியம் சந்தைக்கு வராமல் மறைந்தது. மறு ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. வண்டியில்லாத நிலையத்திற்குக் கால அட்டவணை எழுதி ஒட்டினால் பயணிகள் ஊர் போய்ச் சேரார் என்பது இரயில்வேயைச் சேர்ந்த நமக்குத் தெரியாததன்று. விலையை ஆணையால் எழுதலாம். மூட்டையை ஆணையால் மட்டும் வரவழைத்தல் அரிது.

ஆணையால் வென்றவனும் ஒருவன் உண்டு. 1296 முதல் 1316 வரை தில்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, தானியத்திற்கும் துணிக்கும் விலை வரையறுத்தான். மழை பொய்த்த ஆண்டுகளிலும் தலைநகரில் விலை ஏறவில்லை என வரலாற்றாசிரியர் பரணி எழுதியுள்ளார். ஆயின் அவ்வெற்றியின் ஒரு பாதி களஞ்சியத்தினுடையது. மறு பாதி ஒற்றருடையதும் சவுக்கினுடையதும். நகரத்தார் மலிவாய் உண்ண, உழவர் விளைச்சலில் பாதியை வரியாக அளந்தனர். அவன் மறைந்ததும் அவ்வேற்பாடும் மறைந்தது. ஒருவருக்கு மலிவு என்பது மற்றொருவருக்கு நட்டமாய் முடிதல் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, வெற்றிப் பத்தி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரயில்வே நிர்வாகங்கள் தம் தொழிலாளருக்கெனத் தானியக் கடைகளை நடத்தின. 1965 ஜனவரி 14ஆம் நாள் இந்திய உணவுக் கழகம் தொடங்கிற்று; அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது. உழவருக்கு ஓர் ஆதார விலை தந்து வாங்குதல், கிடங்கில் சேமித்தல், விளையாத பகுதிக்கு வண்டியேற்றி அனுப்புதல், நியாய விலைக் கடையில் அளத்தல் என்னும் நான்கும் ஒன்றாய் இயங்கியபோது, பஞ்சாபின் கோதுமை நாடெங்கும் சென்றது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை உரிமையாக்கிற்று. அதன்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது விலையின்றியே வழங்கப்படுகிறது. அதற்கான செலவை வரி செலுத்துவோர் ஏற்கின்றனர் என்பதும் கணக்கில் சேரவேண்டியதே.

ஆயினும் அரிசி ஒன்றே வாழ்க்கையன்று. நம் அகவிலைப்படிக்கு அடிப்படையான தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணில், உணவின் பங்கு 2001ஆம் ஆண்டு அடிப்படையில் 46 விழுக்காடாக இருந்தது. 2016ஆம் ஆண்டு அடிப்படையில் 39 ஆகக் குறைந்தது. வீட்டு வாடகையின் பங்கோ 15இலிருந்து 17ஐ நெருங்கிற்று. வைத்தியம், கல்வி, போக்குவரத்து முதலியவை அடங்கிய பத்தியும் பெருத்துவிட்டது. இங்கே நல்ல அரசாங்கப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருப்பின், அவையே மிகப் பெரிய விலைக் குறைப்பாகும். மற்றொன்றும் தெளிதல் வேண்டும். விலையேற்றம் தணிந்தது எனப் பத்திரிகைகள் எழுதும்போது, ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். ஏறிய விலை இறங்கிவிட்டது என்பதன்று.

கூட்டிப் பார்ப்பின் விடை இதுவே. அரசாங்கம் விலையை ஆணையிட்டுக் குறைத்தல் அரிது. பண்டத்தைப் பெருக்கி, சேமித்து, கொண்டு சேர்த்து, நாணயத்தின் மதிப்பைக் காத்து, சுமையைக் குறைத்தல் இயலும்.

அன்பர்களே! விலை ஏறினால் ஜனவரியிலும் ஜூலையிலும் நமக்கு அகவிலைப்படி உயர்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மைக்கு யார் உயர்த்துவார்? கட்டட வேலைக்கென நம் நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்து, தகரக் கொட்டகையில் தங்கும் தம்பிமார்களுக்கு எந்தக் குறியீட்டெண் உண்டு? விலைவாசியை நாம் பேச்சாகப் பேசுகிறோம். அவர்களோ பட்டினியாக உணர்கின்றனர்.

ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை என்னும் ஏற்பாடு 2019இல் தொடங்கி, 2022இல் எல்லா மாநிலங்களுக்கும் பரவிற்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த அட்டையும் ஆதார் இணைப்பும் இருப்பின், ஊரில் உள்ள குடும்பம் ஒரு பகுதியைப் பெற, இங்குள்ளவர் தம் பங்கை இங்கேயே பெறலாம். இதனை அறியாமலும், அறிந்தும் மொழி தெரியாமல் கடை வாயிலில் நின்று திரும்பியும் கடைச் சரக்கை முழு விலைக்கு வாங்குவோர் பலர்.

1904இல் திருவல்லிக்கேணியில் சிலர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டது போன்ற பெரிய செயலை நாம் இன்றே செய்ய இயலாதிருக்கலாம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்து, வருவோரின் அட்டையைப் பார்த்து, இந்தி அறிந்த ஒருவர் கடை வரை உடன் செல்லுதல் இயலும். அரசாங்கம் தானியத்தை நிலையம் வரை கொண்டுவந்துவிட்டது. நிலையத்திலிருந்து வீடு வரை கொண்டு சேர்ப்பது நம் கடமையாகட்டும்.