கிடங்கும் குடோனும்



நெல் மூட்டைகளும் பருத்திப் பொதிகளும் அடுக்கிவைக்கும் பெருங்கூடத்தை நம் நகரங்களிற் பலரும் 'குடோன்' என்றே எழுதியும் பேசியும் வருகின்றனர். அஃது ஆங்கிலச் சொல் என்பதே அவர்தம் எண்ணம். 'கீழே இறங்கு' எனப் பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு கூடிப் பிறந்தது என்பாரும் உளர். அஃது ஒலியொப்புமை கண்டு மயங்கிய கூற்று.

உண்மை வேர் 'கிட' என்பதாம். கிடக்கை, கிடப்பு, கிடை ஆகியன அதன் கிளைகள். ஆடுகள் இரவிற் கிடக்கும் இடம் கிடை. தாழ்ந்து கிடக்கும் பள்ளம் கிடங்கு. மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் அகழியைக் கிடங்கு என்றே குறிக்கும். நீர் கிடக்கும் பள்ளத்தைக் குறித்த சொல், பின்னர்ப் பண்டம் கிடக்கும் இடத்தையும் குறிக்கலாயிற்று. கிடப்பது நீராயின் அகழி, நெல்லாயின் களஞ்சியம். வேர்ப்பொருள் ஒன்றே.

இனி, இச்சொல் கடல் கடந்த வரலாற்றைக் காண்போம். தமிழ் வணிகர் கீழைக்கடல் நாடுகளிற் பெருவணிகம் நடத்தினர். கடை, கப்பல், பெட்டி ஆகிய நம் சொற்கள் மலாய் மொழியில் இன்றும் சிறிதே திரிந்து வழங்குகின்றன. அவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது, பண்டங்கள் வைக்கும் கட்டடத்தைக் குறிக்கும் 'குடாங்' என்னும் மலாய்ச் சொல். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் இச்சொல்லைத் தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கினர். ஆங்கிலேயர் மேலும் திரித்தனர்.

இது தமிழர் மட்டும் கூறும் கூற்றன்று. யூல், பருனல் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த சொற்றொகுதியும், தமிழ்க் கிடங்கையும் அதன் தெலுங்கு இனச்சொல்லையும் காட்டி, 'கிட' என்னும் வேரையே சுட்டுகின்றது. மலாயிற் புகுந்தது தமிழ் வழியாகவோ தெலுங்கு வழியாகவோ ஆகுக; வேர் நம் மொழிக் குடும்பத்தது.

"குடோன் வழக்கில் ஊன்றிவிட்டதே, இனி மாற்றுவானேன்?" எனச் சிலர் வினவுவர். குடோன் என்னும் ஒலியைக் கேட்கும் மாணவனுக்கு அதன் பொருள் தானே விளங்காது. மனப்பாடமே செய்தல் வேண்டும். கிடங்கு என்றாலோ, பண்டம் கிடக்கும் இடம் என்று சொல்லே பொருள் சொல்லிவிடும். வேர் அறுந்த சொல்லால் மொழியறிவு வளராது. வேரொடு கூடிய சொல் ஒன்று, தன் இனச்சொற்கள் பத்தினை அழைத்து வரும்.

நடைமுறைக்கு ஒவ்வாது என்பதும் பொருந்தாது. 1958-இல் தோன்றிய அரசுச் சேமிப்புக் கிடங்கு நிறுவனம் இச்சொல்லையே தன் பெயரிற் கொண்டுள்ளது. அரசு ஆளும் சொல்லை வணிகர் ஆளவொண்ணாதா? பெயர்ப்பலகை எழுதுவோரும் வணிகப் பெருமக்களும் இன்றே தொடங்கலாம். புதுச்சொல் ஆக்கவேண்டிய இடரும் இங்கில்லை. நம் வீட்டுச் சொல் உருமாறி வந்து நிற்கின்றது. அதன் பழம்பெயரை நாம் மீண்டும் எழுதினாற் போதும்.