காரின் கூரையும் குடும்பத்தின் சாமானும்



நம் குடும்பங்கள் பிரயாணம் புறப்படும் அழகே தனி. நான்கு நாள் தங்குவதற்கு நாற்பது நாளைக்கு வேண்டிய சாமான்களைக் கட்டுவோம். இரயிலில் போன காலத்தில் இந்தப் பழக்கத்தின் சுமையைப் போர்ட்டர் தம் தலையில் தாங்கினார். சொந்தக் கார் வந்த பிறகு அந்தச் சுமை காரின் தலையில் ஏறிவிட்டது. அதற்கென்று கூரைமேல் பொருத்தும் சட்டத்தைக் கேரியர் என்கிறோம். படகைக் கவிழ்த்து வைத்தாற்போல், மூடியும் பூட்டும் உடைய சாமான் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. இவ்விரண்டையும் வாங்கிப் பொருத்துமுன் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

கேரியர் என்றதும் என் வயதை ஒத்தவர்களுக்கு நினைவில் வருவது அம்பாசிடர் கார். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி அது. அதன் கூரையின் இருபுறமும் மழைநீர் வடிவதற்காக ஒரு தகட்டு விளிம்பு ஓடும். கேரியரின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டுப் பாத்திரமும் படுக்கைச் சுருளும் வாழைத்தாரும் அதன்மேல் ஏறிப் போனதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அக்காட்சிதான் இன்று பலரை மயக்குகிறது. அன்று ஏற்றியதை இன்றும் ஏற்றலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அவ்வாறு எண்ணுவது சரியன்று என்பதே என் கருத்து.

முதலாவது, இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அந்த மழைநீர் விளிம்பு இல்லை. காற்று வழுக்கிச் செல்லவேண்டும் என்பதற்காக அதை நீக்கிவிட்டார்கள். கூரைத் தகடோ ஒரு மில்லிமீட்டரிலும் மெல்லியது. ஆகவே பாரம் தகட்டின் நடுவில் அமராமல், குறுக்குச் சட்டங்களின் வழியாகக் கூரையின் இரு ஓரங்களிலுள்ள வலுவான பகுதிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். சில வண்டிகளில் கூரையின் இருபுறமும் நீண்ட கம்பிகள் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பாரம் தாங்குபவையும் உண்டு. வெறும் அழகுக்காக ஒட்டி வைத்தவையும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்! வண்டியோடு கொடுத்த கையேட்டைப் படித்தால்தான் உண்மை விளங்கும். அந்தக் கையேட்டைப் பிரிக்காமலே வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதும் அக்கையேட்டில்தான் இருக்கும். சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றுக்கு இவ்வளவு 50 முதல் 75 கிலோ வரை என்று குறித்திருப்பார்கள். கூரைமேல் எதையும் ஏற்றலாகாது என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. குறித்த அளவில் கேரியரின் எடையும், பெட்டி பொருத்தினால் பெட்டியின் எடையும் அடங்கும் என்பதை மறக்கலாகாது.

ஐம்பது கிலோ என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதை என் தம்பி மகன் வீட்டில் கண்கூடாகக் கண்டேன். அவன் வண்டியில் மூன்று வரிசை இருக்கைகள். ஏழு பேர் ஏறிவிட்டால், டிக்கி என்று சொல்ல ஒரு சாண் இடமே மிஞ்சும். ஆடி மாதத்தில் நாகர்கோவிலுக்கு அப்பால் உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் புறப்பட்டார்கள். அதற்காகவே புதிய கேரியர் வாங்கிப் பொருத்தியிருந்தான். திண்ணையில் சாமான்கள் மலைபோல் குவிந்திருந்தன. இதன் எடை எவ்வளவு என்று கேட்டேன்.

“பெரியப்பா, நம் வீட்டு அம்பாசிடரில் தாத்தா இதைவிட அதிகம் ஏற்றவில்லையா?” என்றான்.

ஏற்றினார்கள், உண்மைதான். ஆனால் அந்த வண்டி அந்தச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது அருமை. இவன் வண்டியோ நான்குவழிச் சாலையில் நூறைத் தொடுவது. அடுத்த தெரு மளிகைக் கடையிலிருந்து தராசைக் கொண்டுவரச் செய்தேன். அரிசி மூட்டை 25 கிலோ, பித்தளை அண்டா 14, காய்கறிச் சாக்கு 18, ஜமக்காளமும் பாய்களும் 12, துணிப் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 24. ஆக 93 கிலோ. கேரியரோ 11 கிலோ. மொத்தம் 104. கையேடு அனுமதித்ததோ 50!

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல் அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். எளிமைக்காக வண்டியின் எடை 1,000 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் கொள்வோம். தரையிலிருந்து 165 சென்டிமீட்டர் உயரத்தில் 100 கிலோவை ஏற்றினால், மையம் 65 சென்டிமீட்டருக்கு உயர்ந்துவிடுகிறது. எடை கூடியது பத்தில் ஒரு பங்கு. மையத்தின் உயரம் கூடியதோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலமோ கூடவில்லை. குடத்தை இடுப்பில் வைத்திருப்பவள் சட்டெனத் திரும்பலாம். தலையில் வைத்திருப்பவள் அவ்வாறு திரும்ப முடியுமா? எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் இந்த வேற்றுமையை ஓட்டுநரின் கைகள் வளைவுக்கு வளைவு உணரும். சமவெளியிலும் குறுக்கே ஓடிவரும் ஆட்டுக்காக வண்டியைத் திருப்பும் ஒரு நொடியில் இதுவே உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

காற்று மற்றொன்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். திறந்த கேரியரில் கோணல்மாணலாக அடுக்கிய சாமான் காற்றுக்கு ஒரு சுவர். பெட்ரோல் செலவு கூடும், அது போகட்டும். பக்கவாட்டுக் காற்றுத்தான் பெரிய அபாயம். இவர்கள் செல்லவிருந்த வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையிடைவெளியில் புகுந்து சீறும் இடம் அது. காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அக்காரணத்தால்தான். உயரமாக ஏற்றிய வண்டியை அக்காற்று பக்கவாட்டில் தள்ளும். மூடிய பெட்டி முன்காற்றைப் பொறுத்தவரை திறந்த கேரியரைவிட மேலானது. மழைக்கும் தூசிக்கும் நல்லது. ஆயினும் பக்கக் காற்றுக்கு அதுவும் ஒரு பாய்மரமே. அத்தகைய இடங்களில் வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை.

கணக்கைக் கேட்டபின் வீட்டில் ஒரு சிறு சபை கூடிற்று. காய்கறியை நாகர்கோவில் சந்தையிலேயே வாங்கலாம், அண்டாவைக் கோயிலடியில் வாடகைக்கு எடுக்கலாம் என்றாள் மருமகள். அரிசியை விட என் தம்பி மனைவிக்கு மனமில்லை. சொந்த வயலில் விளைந்தது அல்லவா! தெய்வத்துக்குப் பொங்க இரண்டு படி போதும் என்று முடிவாகி, அது ஒரு பையில் காலடியில் சென்றது. கூரைமேல் போனவை ஜமக்காளமும் பாய்களும் துணிப் பெட்டிகளுமே, 36 கிலோ. கேரியரோடு 47. எனக்கு அதில் மிகுந்த திருப்தி. பொதுவாகவே கனமானவை கீழே, லேசாகவும் பருமனாகவும் உள்ளவை மேலே என்பதுதான் முறை. கூரையில் இடம் கிடைத்ததென்று வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை கூடிவிடாது. ஆட்களும் சாமானும் சேர்ந்த அந்த எல்லையையும், அதற்கேற்ற டயர்க் காற்றின் அளவையும் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, கட்டுவது. திடீரென்று பிரேக் போட்டால் 50 கிலோப் பாரம் ஏறத்தாழ 40 கிலோ விசையோடு முன்னே பாய முயலும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி எதிலேனும் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிட்டால், அதே பாரம் சுமார் 700 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். கொடிக்கயிறு இதற்கு எம்மாத்திரம்? நைலான் கயிறும் நனைந்தால் நெகிழ்ந்து கொடுக்கும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும், இறுக்கிப் பூட்டும் பெல்ட்டே ஏற்றது. அதைச் சாமானின்மேல் போட்டுக் குறுக்குச் சட்டத்தோடு கட்ட வேண்டும். முன்னும் பின்னும் நகராதபடியும் கட்ட வேண்டும். தார்ப்பாயின் ஓரம் படபடத்தால், பத்து மைலுக்குள் கிழிந்து பின்னால் வருபவர் கண்ணை மறைக்கும். புறப்பட்டு இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு மரத்தடியில் நிறுத்திக் கட்டுகளையும் திருகாணிகளையும் மீண்டும் இறுக்குவது அவசியம். சாமான் அசைந்து படிந்தபின் எந்தக் கட்டும் சற்றுத் தளரும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019இல் செய்த திருத்தத்தின்படி, வண்டியின் உடலுக்கு வெளியே பாரம் நீட்டிக்கொண்டிருந்தாலோ அனுமதித்த உயரத்தை மீறினாலோ 20,000 ரூபாய் அபராதம். நிரந்தரமாகப் பற்றவைக்கும் கேரியரை நான் விரும்புவதில்லை. எதைப் பொருத்துமுன்னும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நலம்.

பெட்டி வாங்குவோர், பின்கதவைத் திறந்தால் அது பெட்டியில் இடிக்காதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கார் பெட்டியோடு இரண்டு மீட்டரை நெருங்கும். தங்கும் விடுதிகளின் நிலவறை நிறுத்தங்களில் கூரை தாழ்வாக இருக்கும். ஆதலின் மொத்த உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்முன் ஒட்டி வைக்க வேண்டும்.

பிரயாணம் முடிந்தபின் கேரியரைக் கழற்றிவிட வேண்டும். வெறும் கேரியரும் காற்றைத் தடுக்கும். வழியெல்லாம் சீட்டியும் அடிக்கும். கழற்றப் பத்து நிமிடம் போதும். நட்டுகளையும் சாவியையும் ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கேரியரிலேயே கட்டி வைத்தால் அடுத்த பிரயாணத்தின்போது தேட வேண்டியிராது.