மருந்தின் பெயரைக் கேளுங்கள்



நான் வைத்தியன் அல்லன். ஹட்டனுக்கு அண்மையில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். கலைப் பட்டதாரியாகிய நான் மருந்தைப் பற்றிப் பேச முன்வந்தமைக்கு என் சொந்தப் பிழையே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைநாள் ஒன்றில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காய்ச்சலால் நடுங்கியவாறு என் அறைக்கு வந்தாள். அலுமாரியிலிருந்த பனடோல் வில்லை ஒன்றைக் கொடுத்துப் படுக்கவைத்தேன். கொழுந்து பறிக்கப் புறப்படுமுன் தாய் அரை வில்லை கொடுத்திருந்தாள் என்பதும், லயத்திலே பாட்டி சளி மருந்து பருக்கியிருந்தாள் என்பதும் மாலையில்தான் தெரியவந்தன. அந்தச் சளி மருந்திலும் பரசிற்றமோலே கலந்திருந்தது. மூவரும் அன்பினாற் கொடுத்தோம். மூவரும் ஒரே மருந்தைக் கொடுத்தோம். வைத்தியசாலையில் ஓரிரவு கண்காணிக்கப்பட்டு, அவள் நலமாக வீடு திரும்பினாள். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பனடோல் என்பது வணிகப் பெயர். பரசிற்றமோல் என்பதே மருந்தின் பெயர். மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயராலேயே எழுதவேண்டும் என்று வற்புறுத்தியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் நிறுவப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஏழைக்கு மலிவாக மருந்து கிடைக்க வழிசெய்த அக்கொள்கையிலே, ஒரே மருந்தை இருமுறை விழுங்காதிருக்கும் காப்பும் உண்டு.

வளர்ந்தவர் 500 மில்லிகிராம் வில்லையை வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் எட்டு வில்லைகளைத் தாண்டலாகாது. மெலிந்த உடலினர், ஈரல் நோயாளர், நாள்தோறும் மது அருந்துவோர் ஆகியோருக்கு அளவு இதனினும் குறைய வேண்டும். அதை வைத்தியரே கூறவேண்டும். குழந்தைக்கோ எடையே அளவுகோல்: ஒரு வேளைக்கு, கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. அச்சிறுமியின் எடை 20 கிலோ. ஆகவே 300 மில்லிகிராமே உச்சம். நான் கொடுத்ததோ 500.

அளவு மீறினால் ஈரல் கெடும். ஆனால் முதல் நாளில் பெரும்பாலும் அறிகுறி எதுவும் தோன்றாது. மாற்று மருந்து உண்டு. அது விரைவிற் கொடுத்தாலே நன்கு பயன்தரும். ஆகையால் “பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது” என்று காத்திருத்தல் ஆபத்து.

கூடை சுமந்து முதுகு வலிப்போர் நாடும் டைக்குளோபினாக், இபுபுரூபன் ஆகியவை இரைப்பையைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தையும் தாக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு லொசார்ட்டன், எனலப்பிரில் போன்றவற்றை உட்கொள்வோருக்கு இவ்வாபத்து மிகும். வோபரின் உட்கொள்வோருக்கோ இரத்தப்பெருக்கு நேரலாம். கொழும்பிலிருந்து திரும்பும் நம் இளைஞருக்குக் காய்ச்சல் கண்டால் டெங்குவோ என ஐயுறுங்கள். அந்நிலையில் அஸ்பிரினும் மேற்கூறிய இரண்டும் கூடவே கூடா.

இன்று எங்கள் பாடசாலையில் பெற்றோரை விசாரியாமல் எவரும் மாத்திரை கொடுப்பதில்லை. என்ன மருந்து? எவ்வளவு? கடைசியாக எப்போது? இம்மூன்று கேள்விகளையும் உங்கள் வீட்டிலும் கேளுங்கள். மருந்துறையை எறியாமல் வைத்திருங்கள். நான் அன்று கேட்கத் தவறியவை இவையே.