ஒரு மறை, நான்கு நெறி



சில ஆண்டுகளுக்கு முன், மணம் உறுதியான மாணவி ஒருத்தி என்னிடம் வினவினாள்: "அம்மா, மறை ஒன்று; நபி ஒருவர். நாங்கள் ஷாஃபி, நான் புகப்போகும் வீட்டார் ஹனஃபி. எங்கள் முறைப்படி, கணவன் கை பட்டாலே உளூ முறியும். அவர்கள் முறைப்படி முறியாதாம். யார் பிழை செய்கிறோம்?" அன்று விடையின்றி நின்றேன். பின்னர்க் கற்றபோதுதான் வினாவின் வேர் ஒரு சொல்லில் இருப்பதைக் கண்டேன்.

திருக்குர்ஆனின் 4:43, 5:6 ஆகிய வசனங்களில் பெண்களைத் 'தீண்டுதல்' என்னும் பொருளுடைய சொல் வருகிறது. ஷாஃபி நெறியினர் அதற்கு நேர்பொருளே கொண்டனர். ஹனஃபி நெறியினர் அது கூடலைக் குறிப்பாற் சுட்டுவது என்றனர். மாலிக்கி நெறியினரோ இச்சையோடு கூடிய தீண்டலே உளூவை முறிக்கும் என்றனர். நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று வகுத்ததை நன்கறிந்த உங்களுக்கு இவ்வேறுபாடு புதிதாகத் தோன்றாது.

சொல் மட்டுமன்று, ஊரும் காரணமாயிற்று. நபித்தோழர்கள் பல நாடுகளிற் பரவியபோது, அவரவர் அறிந்த நபிமொழிகளும் அவர்களுடன் பரவின. மதீனாவில் வாழ்ந்த இமாம் மாலிக் (711–795) அந்நகரத்தாரின் வழிவழி நடைமுறையையே சான்றாகக் கொண்டார். பல இனத்தார் கலந்து வாழ்ந்த கூஃபாவில், துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (699–767) ஒப்புநோக்கித் தீர்வு காணும் கியாஸ் முறையை விரிவாகக் கையாண்டார். காஸாவிற் பிறந்த இமாம் ஷாஃபி (767–820) மாலிக்கிடம் பயின்றவர். ஈராக்கில் உரைத்த கருத்துகள் பலவற்றை எகிப்துக்குச் சென்றபின் தாமே மாற்றிக்கொண்டார். பாக்தாதின் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855) நபிமொழிக்கே முதன்மை தந்தார். சுன்னத் வல் ஜமாஅத்தாரின் நான்கு மத்ஹபுகள் இவ்வாறு தோன்றின. ஷியாக்களுக்கு ஜஅஃபரி நெறி தனியே உண்டு.

மாலிக்கின் 'முவத்தா' நூலையே நாடெங்கும் சட்டமாக்க அப்பாசியக் கலீஃபா விழைந்தபோது, அவரே அதற்கு இசையவில்லை என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தம் நூல் அரியணை ஏறுவதை மறுத்த அப்பெருந்தகைமையை எண்ணிப் பாருங்கள்!

இதற்கு நபிகள் நாயகம் அவர்களின் காலத்திலேயே முன்மாதிரி உண்டு. 627ஆம் ஆண்டில், பனூ குறைழாவினரின் இடத்தை அடைந்தன்றி அஸர் தொழவேண்டா எனத் தோழர்களைப் பணித்தார்கள். வழியிலேயே நேரம் வந்தது. விரைந்து செல்க என்பதே கருத்தெனக் கொண்டு சிலர் வழியிலேயே தொழுதனர். சொல்லை அவ்வாறே கொண்டு சிலர் சென்றடைந்தபின் தொழுதனர். நாயகம் அவர்கள் இருசாராரையும் கடிந்துகொள்ளவில்லை.

தமிழகத்திலும் கடற்கரை மரைக்காயர் ஷாஃபிகளாகவும் இராவுத்தர் ஹனஃபிகளாகவும் பெரும்பாலும் வாழ்கின்றனர். அம்மாணவிக்குப் பின்னர் மடல் எழுதினேன்: "மகளே, பிழை உங்கள் வீட்டிலும் இல்லை, அவர்கள் வீட்டிலும் இல்லை. ஒரே சொல்லை இரு வீட்டாரும் அஞ்சி, ஆய்ந்து, பொருள் கொண்டிருக்கின்றனர்." அவள் வினவிய அன்றே இதனைச் சொல்லியிருக்க வேண்டும் என்னும் குறை எனக்கு இன்றும் உண்டு.