சித்திரைக் குடத்தைப் பார்த்துச் செடி வையுங்கள்

கோடை வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் தாங்கும் வீட்டுத் தோட்டச் செடிகளைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன். வயலை விட்டுவிட்டுப் புழக்கடைக்கு ஏன் வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கோடையில் மேட்டு நிலம் காய்ந்து கிடக்கும்போது குழம்புக்குக் காயும் பிள்ளைகளுக்குப் பழமும் கொடுக்க வேண்டியது இந்தப் புழக்கடைதான்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆவணி மாதம். சூளகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பாட்டியிடம் எலுமிச்சை, பப்பாளி, வாழை, ரோஜா என்று பன்னிரண்டு கன்றுகளைக் கொடுத்து நடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "ஏங்க சார், சித்திரையிலே இதுக்கெல்லாம் யாருங்க தண்ணி ஊத்தறது? பையனும் மருமகளும் ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயிடறாங்களே" என்றார். "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. பாட்டி வீட்டுப் போர் மாசியிலேயே வற்றிவிட்டது. டிராக்டர் டேங்கர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, அதிலும் ஒரு பங்கை என் கன்றுகளுக்கு ஊற்றியிருக்கிறார். "சார் குடுத்த செடி" என்ற ஒரே காரணத்துக்காக. வைகாசியில் நான் போய்ப் பார்த்தபோது பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. வேலியோரம் யாரும் தண்ணீர் ஊற்றாத சீதா மரமும், மாட்டுக் கொட்டகைப் பக்கத்து முருங்கையும் மட்டும் தளிர் விட்டுக்கொண்டிருந்தன. பாட்டி என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து யாருக்குச் செடி கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். "சித்திரையில் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும்?" ஆவணி மழையைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சித்திரைக் குடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

நம் ஆட்கள் பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய், திரும்பும் வழியில் நர்சரியில் செடி வாங்கி வருகிறார்கள். அந்தக் கண்காட்சி நடப்பது ஜனவரியிலும் ஆகஸ்டிலும். அப்போது எந்தச் செடியும் அழகாகத்தான் இருக்கும். பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி 2,000 அடிக்கும் கீழே. ஒரே மாவட்டம்தான், ஆனால் கோடை இரண்டு விதம். ஓசூரில் வாடி நின்று தப்பிக்கும் செடி, கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் கருகிப் போகும். ஓசூர் ரோஜாவைப் பார்த்தும் ஆசைப்படாதீர்கள். விற்பனைக்கு வரும் அந்தப் பூவில் பெரும்பகுதி பசுமைக் குடிலுக்குள் சொட்டு நீரில் வளர்கிறது. பெங்களூரிலேயே 2024 கோடையில் போர்கள் வற்றி, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

சரி, வெயிலைத் தாங்கும் செடியை எப்படிக் கண்டுகொள்வது? மூன்று அடையாளங்களைச் சொல்கிறேன்.

செடி குடிக்கும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. ஆகவே இலையைப் பாருங்கள். முருங்கை, நெல்லி, கொடுக்காப்புளி போலச் சிறு சிறு இலையாக இருந்தாலும், அரளி போலத் தடித்து மெழுகு பூசினாற்போல இருந்தாலும் செலவு குறைவு. வாழை போல அகன்ற, மெல்லிய இலை என்றால் செலவு அதிகம்.

இரண்டாவது, இலை உதிர்ப்பது. சீதா மரம் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று வெட்டிவிடாதீர்கள். வருமானம் இல்லாத மாதத்தில் வீட்டுச் செலவைக் குறைப்பது போல அது தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. மழை விழுந்ததும் துளிர்த்துப் பூவெடுக்கும்.

மூன்றாவது, சதைப்பிடிப்பு. கற்றாழையும் பிரண்டையும் தண்ணீரைத் தங்கள் உடம்பிலேயே சேமித்து வைக்கும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். இவை இரவின் குளிர்ச்சியில் திறந்து, பகல் வெயிலில் மூடிக்கொள்ளும். அதனால்தான் கற்பாறை இடுக்கிலும் பிழைத்துக் கிடக்கின்றன.

இனி, என்னென்ன வைக்கலாம் என்று பார்ப்போம்.

காய்க்கு முதலிடம் முருங்கை. பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதை போட்டு வளருங்கள். போத்து நட்டால் வேர் மேலாகவே பரவும். விதை போட்டால் ஆணிவேர் ஆழமாக இறங்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். ஓசூர்ப் பக்கம் மார்கழி, தைக் குளிரில் சற்றுச் சோர்ந்து நிற்கும், கவலைப்பட வேண்டாம். வேலியோரம் சுண்டை ஒன்று இருக்கட்டும். கோடைக்குக் கொத்தவரையும் காராமணியும் போடலாம். அவரையைக் கோடையில் போட்டு ஏமாறாதீர்கள். அது பகல் பொழுது குறுகும் காலத்தில் பூப்பது. ராகிக்கு ஊடே ஆடி, ஆவணியில் போடுகிறோமே, அதே பருவம்தான் அதற்கு.

பழத்துக்குச் சீதா, நெல்லி, கொடுக்காப்புளி. சீதா இலையை ஆடு கடிக்காது. வேலியோரத்துக்கு அதைவிடத் தோதான மரம் இல்லை. நெல்லியை ஒரே ரகமாக நடாமல், பி.எஸ்.ஆர்.1 ஒன்று, என்.ஏ.7 ஒன்று என்று இரண்டு ரகமாக நடுங்கள். மகரந்தம் மாறி விழுந்தால்தான் காய்ப்பு நன்றாக இருக்கும்.

பூவுக்கு நித்தியகல்யாணி, அரளி, காகிதப்பூ. காகிதப்பூ தண்ணீர் அதிகமானால் இலையாக வளரும். காயப் போட்டால்தான் நிறையப் பூக்கும். அரளி முழுவதும் விஷம். சிறு பிள்ளைகளும் ஆடு மாடும் எட்டுகிற இடத்தில் அதை வைக்காதீர்கள்.

நல்ல செடி என்றாலும் முதல் கோடையைத் தாண்டினால்தான் அது நம்முடையது. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது செடிக்கும் பொருந்தும். ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால், சித்திரைக்கு முன் வேர் இறங்க ஆறேழு மாதம் கிடைக்கும். மாசி, பங்குனியில் யார் இலவசமாகக் கொடுத்தாலும் நடாதீர்கள். மரத்துக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் ஒரு கூடையும் வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து நிரப்புங்கள். செடியைச் சுற்றி ராகித் தாளையோ காய்ந்த சருகையோ நாலு விரற்கடை உயரம் மூடாக்குப் போடுங்கள். ஆனால் தண்டை ஒட்டிப் போட வேண்டாம். நம் செம்மண்ணில் கரையான் ஏறிவிடும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு குடம் என்று வையுங்கள். பத்துக் கன்றுக்கு இருபது குடம். நாளுக்கு மூன்று குடம் வருகிறது. பாத்திரம் கழுவியதும் குளித்ததுமே பல வீடுகளில் அவ்வளவு தேறும். சோப்புத் தண்ணீரை மரத்துக்கு மட்டும் விடுங்கள், கீரைக்கு வேண்டாம். அதையும் நாளும் ஒரே மரத்துக்கு விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள். இல்லையேல் மண்ணில் உப்புத் தங்கும். சாயங்காலம் ஊற்றினால் வெயில் பங்கு கேட்காது. பழைய மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, துணித் திரி செருகி, கன்றுக்கு ஒரு முழம் தள்ளிப் புதைத்து நிரப்பிவிட்டால், ஷிப்டுக்குப் போகிற வீட்டிலும் செடி தானே குடித்துக்கொள்ளும். தொழிற்சாலை ஓரத்து வாய்க்கால் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் மூன்று குடம் மிஞ்சுகிறதா? பத்துக் கன்று நடுங்கள். ஒரு குடம்தானா? மூன்று போதும். இருபது நட்டுப் பதினேழைச் சாகவிடுவதைவிட மூன்றை நட்டு மூன்றையும் காப்பாற்றுவது மேல். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ தயங்காமல் கேளுங்கள்.

அந்தப் பாட்டி வீட்டுக்கு அடுத்த ஆடியிலேயே மறுபடியும் போனேன். இந்த முறை நான் செடி எடுத்துப் போகவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். "ரெண்டு நெல்லி, ஒரு முருங்கை, அவ்வளவுதாங்க சார் என்னாலே ஆகும்" என்றார். இன்றைக்கு அந்த வீட்டு நெல்லிக்காய் ஓசூர்ச் சந்தைக்குப் போகிறது.