ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு லீவு
(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஆறு நாளும் மலையேறிக் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்படிதான். சம்பளம் போட்டதும் அப்பா மட்டும் டவுனில் சாப்பிட்டு வருவது நியாயமா? மாசத்தில் ஒரு ஞாயிறு குடும்பமாகப் போங்கள்.

"கடையில் சாப்பிட்டால் காசு கரைஞ்சிடுமே" என்பீர்கள். கணக்கோடு போனால் கரையாது. எவ்வளவு செலவழிப்பது என்று வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். இரத்தினபுரியோ கேகாலையோ, உட்காருமுன் விலையைக் கேளுங்கள். மேசையில் வடை, ரோல்ஸ் தட்டு வைத்தால், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். ஒரு கொத்து ரொட்டி இரண்டு பிள்ளைகளுக்குப் போதும். பில் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி அது உங்கள் உரிமை. கூடுதலாக விலை எடுத்தால் 1977க்கு அழைத்துச் சொல்லலாம்.

கண்டிப் பக்கம் போகிறவர்கள் கன்னொறுவ 'ஹெல போஜுன்' கடையைப் பாருங்கள். விவசாயத் திணைக்களம் 2007இல் தொடங்கியது. பெண்களே சமைத்து விற்கிறார்கள். அரிசிமா, குரக்கன் பலகாரமும் இலைக்கஞ்சியும் குறைந்த விலையில் கிடைக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிடுகிற அம்மா, அன்றைக்காவது பிள்ளைகளோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும்.